சுலோச்சனா, 2003

உத்திரமேரூர்
12 ஜூன் 2024

மதிப்பிற்குரிய சுலோச்சனா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் செவ்வந்தி. உங்கள் ஊர்தான். ஊர் என்றால் காலனிப் பக்கம். சிட்டம்மாள் மகள் என்று சொன்னால் ஒருவேளை நினைவு வரும்; உங்கள் அப்பாவின் கழனிகளில் நடவுக்கு வந்துகொண்டிருந்த சிட்டம்மாள். உங்கள் ஓசூர் முகவரியை உங்கள் அண்ணன் வீட்டில் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றார்கள். படிப்பு விஷயம் என்றதும் அதற்குமேல் கேட்கவில்லை.

நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். தலைப்பு, உத்திரமேரூர் வட்டார நிலப்பெயர்கள். நம் சொந்தச் சரக்கை அவிழ்ப்பதற்கு முன்னால், இந்தத் தலைப்பில் இதுவரை யார் யார் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு இயல் எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் துறையில் எல்லோரும் லிட்ரேச்சர் ரிவ்யூ என்றே சொல்கிறார்கள். முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் நான் நிற்கிறேன் என்று அதில் காட்டினால்தான் மேலே எழுத விடுவார்கள். ஐந்து வருஷமாகக் கழனி கழனியாகச் சுற்றிய நான் இப்போது அந்த ஒரு இயலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் நீங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த நான்கு ஆய்வேடுகளில் உங்கள் ஆய்வேட்டைச் சுட்டியிருக்கிறார்கள். 'உத்திரமேரூர் வட்டார நிலப்பெயர்கள், சுலோச்சனா, 2003.' நான்கிலும் உங்களைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: 'இவ்வட்டார நிலப்பெயர்கள் அனைத்தையும் சுலோச்சனா முழுமையாகத் தொகுத்து ஆராய்ந்துள்ளார்.' அனைத்தையும் என்றும் சொல்லி, முழுமையாக என்றும் சொல்லிவிட்டால் எனக்கு மிச்சம் என்ன? என் நெறியாளரும் அதைத்தான் கேட்கிறார்.

சரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு விட்டுப்போனதைத் தேடலாம் என்று கிளம்பினேன். சென்னையில் மூன்று நூலகம், காஞ்சிபுரத்தில் ஒன்று. எங்குமே கிடைக்கவில்லை. இணையத்திலும் இல்லை. சுட்டியவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். முந்தைய ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் போட்டேன், நேரில் பார்த்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

உங்களிடம் ஒரு படி இருந்தால் நகலெடுத்துத் தர வேண்டும். ஒருவேளை நீங்கள் சமர்ப்பிக்கவே இல்லையென்றால், அதைக் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். போனில் சொன்னால் துறையில் செல்லாது. வரும் ஜனவரியோடு என் பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் இப்போது பார்க்கும் தற்காலிக விரிவுரையாளர் வேலையும் நிலைக்கும்.

எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்து, "மேடம் கீடம்லாம் இன்னாத்துக்கு, சின்னம்மானு எழுதுடி" என்றாள். எனக்குக் கை வரவில்லை. மேடம் என்றே எழுதியிருக்கிறேன்.

பணிவுடன்,
செவ்வந்தி


ஓசூர்
27 ஜூன் 2024

செவ்வந்திக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்தது. எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். என் வீட்டுக்காரர் தமிழ்வாணன் வரி நோட்டீஸ் என்று நினைத்து உறையைக் கிழித்துவிட்டார். படித்துவிட்டு, நீ எப்போது டாக்டரானாய், சொல்லவே இல்லையே என்று நாள் முழுக்கக் கிண்டல். ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதனால் உன்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தேன். இப்போது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்படி ஓர் ஆய்வேடு கிடையாது. பதிவு செய்தது உண்மை, 2001இல். ஒரு கருத்தரங்கில் தலைப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியதும் உண்மை. அடுத்த வருஷம் கல்யாணம் நிச்சயமானது. நான் அழவெல்லாம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நிலப்பெயர்களில் எனக்குச் சுவாரசியமே போய்விட்டிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அதே பெயர்களைச் சொன்னார்கள். ஏரிக்கோடி, கிணத்தடி, பெரியமேடு. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். யாரோ புண்ணியவான் எனக்குப் பட்டம் கொடுத்து, வருஷமும் போட்டு, முழுமையாக என்று நற்சான்றும் தந்திருக்கிறான். இருபது வருஷமாக எனக்கே தெரியாமல் நான் அறிஞராக இருந்திருக்கிறேன்.

நீ கேட்டபடி தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'ஆய்வேடு எதையும் சமர்ப்பிக்கவில்லை' என்று தெளிவாகவே போட்டிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடு.

பதில் எழுதினால் தபாலிலேயே எழுது. என் போன் கடையில் கிடக்கும், வேலையாட்கள் உட்பட எல்லோரும் எடுப்பார்கள். கையால் எழுதிப் பல வருஷமாகிறது. இந்த இரண்டு பக்கத்துக்கே விரல் வலிக்கிறது, ஆனாலும் நன்றாக இருக்கிறது.

உன் அம்மாவை நினைவிருக்கிறது. நடவில் முதல் ஆளாக நிற்பார்கள். சின்னம்மா வேண்டாம், மேடமும் வேண்டாம். அக்கா என்று எழுது.

சுலோச்சனா

மறந்துவிட்டேன். உன் நெறியாளர் யார்?


உத்திரமேரூர்
16 ஜூலை 2024

சுலோச்சனா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குத் தீபாவளி. அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மறுநாள் காலை முதல் பேருந்தில் போய்த் துறையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் நெறியாளர் பேராசிரியர் பஞ்சாட்சரம். உங்கள் தாளைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: சமர்ப்பிக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், எழுதவில்லை என்று எழுதவில்லையே; பட்டம் வாங்காவிட்டால் ஆய்வு இல்லையென்று ஆகிவிடுமா; அந்த ஆய்வேட்டைக் கையெழுத்துப் படியாக நானே படித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அவருடைய ஆய்வேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 2005இல் கொடுத்தது. உங்களை முதன்முதலில் சுட்டியவர் அவர்தான். மற்ற மூவரும் அவரைப் பார்த்து எழுதியவர்கள். ஆய்வேட்டில் எல்லாவற்றையும் வரிவரியாகப் பார்க்கும் நான் இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. நெறியாளர் என்பதால் கண் தாண்டிப் போயிருக்கும்.

போன வாரம் ஆய்வுக்குழு கூடியது. வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர், நான்கு ஆய்வேடுகள் அது இருக்கிறது என்கின்றன, ஒரு தபால் மட்டும் அது இல்லை என்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே குழம்பித்தான் கேட்டார். சரி, உன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது என்றார்கள். சொன்னேன்.

உங்களுக்கும் சொல்கிறேன் அக்கா. நம் பக்கம் ஒவ்வொரு கழனிக்கும் இரண்டு பெயர் உண்டு. நிலத்துக்காரர்கள் சொல்வது ஒன்று, பத்திரத்திலும் அதுதான் இருக்கும். கூலிக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் சொல்வது வேறு. பெரியமேட்டுக்கு எங்கள் பக்கம் 'தண்ணி தராத மேடு'. ஏரிக்கோடியில் இருசப்பன் என்பவர் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்ததால் அது 'இருசப்பன் வுயுந்த கழனி'. அவர் என் அப்பாவின் தாய்மாமன். கூலி குறைத்த இடம், அடித்த இடம், பாம்பு கடித்த இடம் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. பதினொரு ஊரில் சேகரித்திருக்கிறேன். இதை யாரும் எழுதியதில்லை.

நல்ல விஷயம்தான் என்று வெளி உறுப்பினர் சொன்னார். அப்போது என் நெறியாளர், சுலோச்சனா இதையும் சொல்லியிருக்கலாம் அல்லவா, படியைப் பார்க்காமல் எப்படி உறுதியாகச் சொல்வது என்றார். இல்லாத புத்தகத்தில் ஒன்று இல்லை என்று நான் எப்படிக் காட்டுவேன்?

செவ்வந்தி


ஓசூர்
2 ஆகஸ்ட் 2024

செவ்வந்தி,

பஞ்சாட்சரமா. நினைத்தேன். என்னோடு ஒன்றாகப் பதிவு செய்தவர். நோட்ஸ் வேண்டும், குறிப்பு வேண்டும் என்று எந்நேரமும் யாரிடமாவது வாங்கிக்கொண்டிருப்பார். என்னுடையது எந்த அளவில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டார். இன்னும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் சொல்கிற பொய்தானே அது. அதை நம்பி வருஷத்தைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். கையெழுத்துப் படியைப் படித்தாராமே. எந்தக் கையெழுத்து?

ஆத்திரத்தில் நேற்று ஒரு வாடிக்கையாளருக்குத் திருகாணிக்குப் பதில் கீல் கொடுத்தனுப்பிவிட்டேன்.

நான் நேரில் வருகிறேன். சமர்ப்பிக்கவில்லை என்றல்ல, ஒரு வரிகூட எழுதவில்லை என்று அந்தக் குழுவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். அடுத்த கூட்டம் எப்போது என்று மட்டும் எழுது.

நீ சொன்ன இரண்டாவது பெயர்கள் என்னைத் தூங்கவிடவில்லை. நான் அவ்வளவு பேரைக் கேட்டேனே, ஒருவரும் ஏன் சொல்லவில்லை? உன் அம்மாவையே கேட்டிருக்கிறேன். கிணத்தடி, பெரியமேடு என்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். என்னை நம்பவில்லையா?

எங்கள் அப்பா மேற்கால் கழனிக்கு என் பெயரை வைத்திருந்தார். சுலோச்சனா கழனி. அதற்கு உங்கள் பக்கம் என்ன பெயர்? தயங்காமல் எழுது.

அக்கா


உத்திரமேரூர்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

குழு செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை கூடுகிறது. நீங்கள் வருவதாக எழுதியதை நம்பமுடியாமல் அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். இந்த ஐந்து வருஷத்தில் எனக்காகப் பேருந்து ஏறி வருகிறேன் என்று யாரும் சொன்னதில்லை.

உங்களை ஏன் நம்பவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். நம்பிக்கைக்கெல்லாம் அங்கே இடமில்லையாம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டீர்களாம், பக்கத்து நாற்காலியில் உங்கள் அப்பா இருந்தாராம். "அய்யா எதுரு அந்தப் பேரச் சொல்லிட்டு மறுநாளு நடவுக்கு எங்க போறது" என்றாள். உங்கள்மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு நல்ல மனசு என்றுதான் சொல்கிறாள்.

மேற்கால் கழனியின் பெயரை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். 'பால்கட்டிக் கழனி.' அது ஒரே வீச்சில் நடவு முடியவேண்டிய பெரிய கழனியாம். முடியும்வரை யாரும் கரையேறக் கூடாது என்று உங்கள் அப்பா வரப்பில் நிற்பாராம். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையை வேப்பமரத்து ஏணையில் விட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள். பிள்ளை அழும். போகவிடமாட்டார். மார்பில் பால் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, காய்ச்சலோடு நட்டு முடிப்பார்களாம். என் அண்ணன் அப்போது அந்த ஏணையில் இருந்தவன். அவன் தங்கவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு உண்டு.

என் ஆய்வேட்டின் நடுப்பகுதி இந்தப் பெயர்தான். இது அம்மா சொன்னது என்று அவள் பெயரோடு அச்சில் வர வேண்டும். எனக்குப் பட்டத்தைவிடக்கூட அதுதான் ஆசை.

ஒன்பதாம் தேதி வாருங்கள் அக்கா. உத்திரமேரூர் வழியாக வந்தால் நானும் சேர்ந்துகொள்வேன்.

செவ்வந்தி


உத்திரமேரூர்
12 செப்டம்பர் 2024

சுலோச்சனா மேடம் அவர்களுக்கு,

நீங்கள் உள்ளே போனபோது நான் வராந்தாவில் நின்றேன். இந்தமுறை என்னை உள்ளே விடவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. பேச்சு கேட்கவில்லை, பார்க்க முடிந்தது. முதலில் உங்கள் கை வேகமாக ஆடியது. நீங்கள் கோபமாகப் பேசுகிறீர்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். அப்புறம் என் நெறியாளர் உங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் சால்வை பிரித்தார். உங்கள் தோளில் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றீர்கள். கார் காத்திருக்கிறது என்று போய்விட்டீர்கள். சாயங்காலம் துறையின் வாட்ஸப் குழுவில் அந்தப் போட்டோ வந்தது. 'நிலப்பெயர் ஆய்வின் முன்னோடி' என்று கீழே போட்டிருந்தார்கள். எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். நானும் அனுப்ப வேண்டியதாயிற்று.

உள்ளே என்ன பேசினீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எழுதவில்லை என்று சொன்னீர்களா?

செவ்வந்தி


ஓசூர்
25 செப்டம்பர் 2024

செவ்வந்தி,

சொன்னேன். ஒரு வரிகூட எழுதவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பெரிய அறிஞர்களெல்லாம் இப்படித்தான் சொல்வார்கள் என்றார் அந்த வெளி உறுப்பினர். நான் மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் பஞ்சாட்சரம் பக்கத்து அறைக்கு அழைத்தார்.

அங்கே அவர் ஒன்றும் மறைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "சுலோ, நீ எழுதலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். கண் கலங்கியிருந்தது. அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறாராம். இது வெளியே வந்தால் அவருடைய ஆய்வேட்டில் தொடங்கி நான்கு பேர் பட்டம் கேள்வியாகும், தன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள், அந்தப் பெண்தான் நடுத்தெருவில் நிற்பாள் என்றார். அவர் விலகிக்கொண்டால் ஜனவரிக்குள் வேறு எந்த நெறியாளர் உன்னை எடுப்பார்? பேராசிரியரைக் காட்டிக்கொடுத்த மாணவி என்று பெயர் வாங்கியவளை யார் சேர்ப்பார்கள்? நானும் யோசித்தேன். அவர் சொன்னது உண்மை.

அவர் ஒரு வழியும் சொன்னார். இரண்டு பெயர் வழக்கத்தை நான் முதலில் சுட்டிக்காட்டியதாக உன் முன்னாய்வு இயலில் ஒரு பத்தி எழுதிவிட வேண்டும். நீ அதை விரிவாக உறுதிப்படுத்தியதாகச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் குழு உன்னைத் தடுக்காது. ஒரு பத்திதானே, மீதி ஆய்வேடு முழுக்க உன் உழைப்புதானே என்று நினைத்தேன். உன் சார்பில் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

சால்வை விஷயத்தில் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அது தோளில் விழுந்தபோது எனக்குப் பிடித்திருந்தது. இருபது வருஷமாக ஆணி எடை போடுகிறவளை டாக்டர் அம்மா என்று நான்கு பேர் எழுந்து நின்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நீ நினைத்துப் பார். சிரித்தது அந்த நிமிஷத்துக்காகத்தான். வழியில் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டேன். பால்கட்டிக் கழனிக்காரரின் மகள் நான் என்று அப்போது நினைவு வந்தது. ஆனால் அதற்குள் வண்டி படப்பை தாண்டிவிட்டது.

என்னை மேடம் என்று எழுதியிருக்கிறாய். வலிக்கிறது.

அக்கா


ஓசூர்
20 நவம்பர் 2024

செவ்வந்தி,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. ஒருமுறை வெட்கத்தை விட்டு உன் போனுக்கே கூப்பிட்டேன், எடுத்தது உன் அம்மா. நலமா என்று கேட்டார்கள், நலம் என்றேன். அவர்கள் குரல் அப்படியே இருக்கிறது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எதுவும் மன்சுல வெச்சுக்காதீங்க சின்னம்மா, அவோ கொஞ்சம் பேஜார்ல கீறா" என்று அவர்களே என்னைத் தேற்றினார்கள். அதற்குமேல் என்ன பேசுவது?

வேண்டுமென்றால் இப்போதுகூடப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக எழுதுகிறேன். பத்திர வக்கீலைக் கொண்டு உறுதிமொழியே தருகிறேன். உனக்குச் சம்மதமா என்று ஒரு வரி போடு. இந்தமுறை உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

சுலோச்சனா


உத்திரமேரூர்
1 ஜனவரி 2025

சுலோச்சனா அவர்களுக்கு,

உறுதிமொழி வேண்டாம். அதைக் கொடுத்தால் விசாரணைக் குழு போடுவார்கள், அது உட்கார்ந்து எழுவதற்குள் என் பதிவு முடிந்துவிடும். துறைத் தலைவரைப் பார்த்தேன். இரண்டு வேறு நெறியாளர்களைப் பார்த்தேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர், முதலில் பட்டத்தை வாங்கும்மா, உண்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இருவரும் நல்லவர்கள்தான். யாரும் என்னை எடுக்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். "அந்தம்மா பேர்ல எய்துனா இன்னா, என் பேர்ல எய்துனா இன்னா, நீ பாஸ் ஆனா போதும்" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். காலமெல்லாம் தன் பேச்சு தன் பேரில் இருந்ததில்லை, அதனால் அவளுக்கு இது புதிதாகவே தெரியவில்லை. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

போன வாரம் அந்தப் பத்தியை எழுதிவிட்டேன். நீங்கள் பார்க்க வேண்டும்:

'இவ்வட்டாரத்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் உடைமையாளர் வழங்கும் பெயரும் உழைப்பாளர் வழங்கும் பெயரும் என இருவேறு பெயர்கள் நிலவுவதை முதன்முதலில் கண்டறிந்தவர் சுலோச்சனா (2003) ஆவார். அவர் எடுத்துக்காட்டும் பால்கட்டிக் கழனி என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. இவ்வாய்வு அவர் நிறுவிய உண்மையை மேலும் சில சான்றுகளால் உறுதிப்படுத்துகிறது.'

மேலும் சில சான்றுகள் என்பது என் ஐந்து வருஷம். அம்மாவின் பெயரைத் தகவலாளர் பட்டியலில் கடைசியில் சேர்த்திருக்கிறேன். அந்தக் கழனியின் பெயரை அவள்தான் சொன்னாள் என்று அங்கே போட முடியாது. நீங்கள் 2003இலேயே எழுதிவிட்டதை அவள் எனக்குப் புதிதாகச் சொல்ல முடியாது இல்லையா?

நெறியாளர் படித்துப் பார்த்துத் திருப்தி என்றார். உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது என்று முதுகில் தட்டினார். ஒரே ஒரு குறை சொன்னார். மேற்கோளுக்குப் பக்க எண் இல்லை. பக்க எண் இல்லாவிட்டால் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நானே ஏதாவது போட்டுக்கொள்ளட்டுமா என்றேன். அது நேர்மையில்லை, எழுதியவரிடமே கேட்டு வாங்கு என்றார்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் எழுதாத புத்தகத்தில் எங்கள் அம்மா சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

செவ்வந்தி


ஓசூர்
6 ஜனவரி 2025

செவ்வந்திக்கு,

இதற்குப் பதில் எழுதப்போவதில்லை என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். எழுதினால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுவேன். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், நீ கெட்டாய். கல்லாவில் உட்கார்ந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். பெரிதாக ஏதாவது செய்துவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. என்ன செய்தாலும் அது உன் தலையில்தான் விழும் என்று அடுத்த நேரம் தெரிகிறது. உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அவர்கள் மறுபடியும் என்னைத் தேற்றுவார்கள். அதை என்னால் தாங்கமுடியாது.

பக்க எண்ணைப் பற்றி யோசித்தேன். சும்மா ஓர் எண்ணைச் சொல்லிவிட மனம் வரவில்லை. தேர்வாளர்கள் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் இயல் அறிமுகம், அதில் இது வராது. இரண்டாவதில் வட்டார வரலாறு, ஏரிகள், கல்வெட்டுகள் எல்லாம் வந்திருக்கும். நான் கொஞ்சம் வளர்த்துத்தான் எழுதியிருப்பேன். பெயர்கள் மூன்றாம் இயலில்தான். அது எண்பதாவது பக்கத்தை ஒட்டித் தொடங்கியிருக்கும். அதிலும் எங்கள் பெயர்களை முதலில் முடித்துவிட்டுத்தான் உங்கள் பெயர்களுக்கு வந்திருப்பேன்.

நூற்றுப் பதினெட்டு என்று போடு.

சுலோச்சனா